பாயிண்ட், கண்டென்சர், காயில் எல்லாம் புதுசு. மோரிஸ் மைனர் ஸ்டார்ட் ஆகவில்லை

மைனர்1098

வண்டி 1965 மோரிஸ் மைனர் 1000. 1098 சிசி எஞ்சின், லூகாஸ் 25டி4 டிஸ்ட்ரிபியூட்டர், டைனமோ, பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் + பாடியில்). எலக்ட்ரானிக் எதுவும் ஏற்றவில்லை, காயிலின் கரண்டைத் திறந்து மூடி அறுக்கும் பாயிண்ட் செட்தான்.

பாயிண்ட், கண்டென்சர், ரோட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, பிளக் வயர் செட், காயில், நாலு பிளக் என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினேன். அதற்கு முன் வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. மேட்டில் ஏறும்போது கொஞ்சம் மிஸ் அடிக்கும், அவ்வளவுதான். இப்போது செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் ஒரு தடவைகூடப் பிடிக்கவில்லை.

இதுவரை பார்த்தது: பிளக்கைக் கழற்றி பிளாக்கில் வைத்து செல்ஃப் அடித்தால் ஸ்பார்க் துளிகூட இல்லை. நாலு பிளக்கும் பெட்ரோலில் நனைந்து வருகிறது, அதனால் கார்புரேட்டர் பக்கம் போகவில்லை. காயிலுக்கு வரும் வெள்ளை வயரில் சாவி ஆன் செய்தால் 12 வோல்ட் இருக்கிறது. பாயிண்ட் இடைவெளி 0.015 அங்குலம் வைத்தேன். டிஸ்ட்ரிபியூட்டரை பிளாக்கிலிருந்து கழற்றவில்லை, கிளாம்பைத் தொடவே இல்லை. பிளக் வயர்களை 1-3-4-2 வரிசைப்படி மாட்டியிருக்கிறேன்.

ஒரு சந்தேகம். பழைய காயிலில் எஸ்டபிள்யூ, சிபி என்று எழுதியிருந்தது. புதியதில் + − மட்டும்தான். வெள்ளை வயரை + முனையிலும், டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வெள்ளை-கறுப்பு வயரை − முனையிலும் கொடுத்தேன். இதனால்தான் ஸ்பார்க் வரவில்லையா? எங்கிருந்து தேட ஆரம்பிக்கலாம்?

டெஸ்ட்லேம்ப்

காயில் முனை மாறியிருக்கிறது, ஆனால் ஸ்பார்க் சுத்தமாக இல்லாததற்கு அது காரணம் இல்லை. அதைப் பிறகு திருத்திக்கொள்ளலாம்.

ஏழு பாகத்தை ஒன்றாக மாற்றியிருக்கிறீர்கள். எது கோளாறு என்று ஊகித்து ஒவ்வொன்றாகக் கழற்றினால் நாள் முழுக்கப் போய்விடும். இக்னிஷனை இரண்டு பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பேட்டரி, சாவி, காயிலின் பிரைமரி, பாயிண்ட், கண்டென்சர் ஒரு பாதி. இது 12 வோல்ட் ஓடும் எல்டி பக்கம். காயிலின் நடு வயர், மூடி, ரோட்டர், பிளக் வயர், பிளக் இன்னொரு பாதி. இது உயர் வோல்ட் ஓடும் ஹெச்டி பக்கம். எந்தப் பாதி என்பதை ஒரே ஒரு பல்பு சொல்லிவிடும்.

12 வோல்ட், 5 வாட் பல்பில் இரண்டு வயர் வைத்து, ஒரு வயரை பாடியில் நல்ல எர்த்தில் கிளிப் போடுங்கள். சாவி ஆன். இன்னொரு வயரை முதலில் வெள்ளை வயர் வரும் முனையில் வையுங்கள். எரிய வேண்டும். அடுத்து வெள்ளை-கறுப்பு வயர் இருக்கும் முனையில் வைத்துக்கொண்டு, வேறொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள்.

பல்பு விட்டுவிட்டு எரிந்தால் எல்டி பக்கம் வேலை செய்கிறது. பாயிண்ட் மூடும்போது அந்த முனை எர்த்தாகி பல்பு அணையும், திறக்கும்போது காயில் வழியாக வரும் கரண்டில் எரியும். அப்படி இருந்தால் ரோட்டர், மூடி, வயர் பக்கம் போங்கள்.

எரிந்தபடியே நின்றால் பாயிண்ட் எர்த் கொடுக்கவே இல்லை. ஒன்று, இடைவெளி அதிகமாகி பாயிண்ட் மூடாமல் நிற்கிறது. இரண்டு, புது பாயிண்டின் முகத்தில் துரு பிடிக்காமல் இருக்கப் பூசி அனுப்பும் மெல்லிய எண்ணெய்ப் படலத்தைத் துடைக்காமலே மாட்டியாயிற்று. மூன்று, பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டை டிஸ்ட்ரிபியூட்டர் பாடியோடு இணைக்கும் பின்னல் எர்த் வயர் அறுந்துவிட்டது. 25டி4இல் எஞ்சினின் வாக்குவம் (உறிஞ்சு விசை) இழுக்கும்போதெல்லாம் தட்டு அசைவதால் இந்தப் பின்னல் வயர் நைந்து, ஒரு இழையில் தொங்கிக்கொண்டிருக்கும். பாயிண்ட் மாற்றும்போது கை பட்டு அந்த இழையும் போய்விடும்.

எரியவே இல்லை என்றால் இரண்டில் ஒன்று: காயிலின் பிரைமரி உள்ளே அறுந்திருக்கிறது, அல்லது அதற்கு அப்பால் எங்கோ நிரந்தரமாக எர்த்தில் அடிக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வயரைக் காயிலிலிருந்து கழற்றிவிட்டு அதே முனையில் பல்பை வையுங்கள். இப்போது எரிந்தால் காயில் நல்லது, ஷார்ட் டிஸ்ட்ரிபியூட்டருக்குள்.

செல்ஃப் அடிக்க ஆள் இல்லை என்றால், சாவி ஆன் செய்து, பாயிண்டின் இரண்டு முகத்துக்கும் நடுவில் உலர்ந்த அட்டைத் துண்டு ஒன்றைச் செருகுங்கள். பாயிண்ட் திறந்ததாகவே கணக்கு, பல்பு எரிந்தாக வேண்டும். அட்டை வைக்காமல் பார்த்து "எரியவில்லை, ஷார்ட்" என்று முடிவு கட்டாதீர்கள். எஞ்சின் நின்ற இடத்தில் பாயிண்ட் மூடியிருந்தாலும் பல்பு எரியாது.

டிஜிட்டல் மீட்டரை இந்தச் சோதனைக்கு எடுக்க வேண்டாம். செல்ஃப் சுற்றும்போது எண் குதித்துக்கொண்டே இருக்கும், படிக்க முடியாது. பல்பு பொய் சொல்லாது. இன்னொன்று: பாயிண்ட் மூடிய நிலையில் சாவியை நிமிடக்கணக்கில் ஆனில் விடாதீர்கள். பிரைமரி வழியாக சுமார் 4 ஆம்பியர் ஓடிக்கொண்டே இருக்கும், காயில் சூடேறிவிடும்.

ஃபில்லர்கேஜ்

மேலே சொன்னதை முதல்ல பண்ணுங்க. பல்பு விட்டுவிட்டு எரிஞ்சும் ஸ்பார்க் இல்லைன்னா, நான் முதல்ல சந்தேகப்படுறது புது ரோட்டரைத்தான்.

இப்போ வர்ற ரோட்டர்ல பலதுல, மேலே இருக்கிற பித்தளைத் தகட்டைப் பிடிச்சிருக்கிற ரிவெட் கீழே ரொம்ப ஆழமா இறங்கி இருக்கும். ரிவெட்டோட அடிக்கும் ஷாஃப்டுக்கும் நடுவுல பிளாஸ்டிக் மெல்லிசாத்தான் இருக்கும். ஹெச்டி கரண்ட் அதைத் துளைச்சு நேரா ஷாஃப்ட் வழியா எர்த் ஆயிடும். வெளியே பார்த்தா ரோட்டர் பளபளன்னு இருக்கும், ஒண்ணும் தெரியாது.

சோதிக்கிற முறை: மூடியைக் கழட்டுங்க, ரோட்டர் அதோட இடத்திலேயே இருக்கட்டும். பாயிண்ட் மூடியிருக்கிற நிலையில எஞ்சினை நிறுத்துங்க. காயில்ல இருந்து வர்ற நடு வயரோட முனையை, ரப்பர் பிடி போட்ட பிளையர்ல பிடிச்சு, ரோட்டர் மேல இருக்கிற பித்தளைத் தகட்டோட நடுவுக்கு 3 மி.மீ மேலே வைங்க. சாவி ஆன். பாயிண்டை ஒரு மரக்குச்சியால தட்டித் தட்டித் திறங்க. தகடு எதோடும் சேராம தனியா நிக்குது, அதனால ஸ்பார்க் போக வழியே இருக்கக்கூடாது. ஒவ்வொரு தட்டுக்கும் ஸ்பார்க் தகட்டுக்குப் பாய்ஞ்சா, அது ரோட்டரைத் துளைச்சு ஷாஃப்டுக்குப் போகுதுன்னு அர்த்தம். பழைய ரோட்டரைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டீங்கன்னு நம்புறேன். அதையே மாட்டி மறுபடி பாருங்க.

பெட்ரோல் நனைஞ்ச துணி, கழட்டி வச்ச ஈரமான பிளக், திறந்த டப்பா எதுவும் பக்கத்துல இருக்கக்கூடாது. இந்த ஸ்பார்க் பெட்ரோல் ஆவியைப் பத்த வைக்கும்.

பிளக் வயரையும் பாருங்க. உங்க மூடி பக்கவாட்டுல வயர் நுழையுற ரகமா இருந்தா, உள்ளே ஊசி முனை ஸ்க்ரூ ஒண்ணு வயரைக் குத்திப் பிடிக்கும். அது செம்புக் கம்பி உள்ள வயருக்குச் செஞ்சது. கார்பன் நூல் வயரை அதுல போட்டா ஸ்க்ரூ நூலைக் குத்தாம பக்கத்துல ரப்பருக்குள்ள இறங்கிடும், இல்லைன்னா நூலையே அறுத்துடும். மேலே நேரா செருகுற மூடிக்குத்தான் கார்பன் வயர் சரி. செம்பு வயரா இருந்தாலும் முனையைச் சதுரமா வெட்டி, துளையோட அடி வரைக்கும் தள்ளி, அப்புறம்தான் மூடிக்கு உள்பக்கமா அந்த ஸ்க்ரூவை முடுக்கணும்.

மூடிக்குள்ள நடுவுல கார்பன் குச்சி, பின்னாடி ஸ்பிரிங்கோட, அமுக்கினா உள்ளே போய் வெளியே வரணும். புது மூடியில அது சிக்கி நிக்கிறதும் உண்டு, பெட்டியிலேயே விழுந்து கிடக்கிறதும் உண்டு.

25டி4 சாமானா வாங்கினீங்களா, 45டி4 சாமானா வந்துடுச்சான்னும் ஒரு தடவை ஒப்பிட்டுப் பாருங்க. ரெண்டோட பாயிண்டும் மூடியும் ரோட்டரும் ஒண்ணுக்கொண்ணு மாறாது.

மைனர்1098

பல்பு வைத்துப் பார்த்தேன். வெள்ளை வயர் முனையில் எரிகிறது. வெள்ளை-கறுப்பு முனையில் செல்ஃப் அடித்தபோது ஒரு தடவைகூட எரியவில்லை. பாயிண்டுக்கு நடுவில் அட்டை வைத்தும் எரியவில்லை. வெள்ளை-கறுப்பு வயரைக் காயிலிலிருந்து கழற்றினதும் அதே முனையில் பளிச்சென்று எரிகிறது.

பழைய ரோட்டர், பழைய கண்டென்சர் இரண்டும் பத்திரமாக இருக்கின்றன. பாயிண்ட், தனித்தனியாக வரும் பழைய ரகம்: நகரும் துண்டு ஒன்று, நகராத துண்டு ஒன்று, ஃபைபர் வாஷர்கள், ஒரு சின்ன நைலான் புஷ்.

டெஸ்ட்லேம்ப்

அப்படியானால் விஷயம் தெளிவு. காயில் நல்லது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் எல்டி வயர் எர்த்தில் அடிக்கிறது. பாயிண்ட் திறந்தாலும் மூடினாலும் காயிலுக்கு வித்தியாசமே தெரியவில்லை. கரண்ட் அறுந்தால்தான் காயில் ஸ்பார்க் கொடுக்கும், இங்கே அறுவதே இல்லை.

அடிக்கக்கூடிய இடம் மூன்றுதான். அட்டைத் துண்டு பாயிண்டுக்கு நடுவிலேயே இருக்கட்டும், வயரைக் காயிலில் திரும்ப மாட்டி, பல்பையும் அதே முனையில் வைத்துக்கொண்டு தேடுங்கள்.

முதலில் கண்டென்சர். அதன் வயரை மட்டும் பாயிண்டின் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் தூணிலிருந்து விடுவித்து, எதையும் தொடாமல் தள்ளிப் பிடியுங்கள். பல்பு எரிந்தால் கண்டென்சர் உள்ளேயே ஷார்ட், பழையதை மாட்டுங்கள். இரண்டாவது, டிஸ்ட்ரிபியூட்டர் பாடியின் பக்கக் காடியில் செருகி இறங்கும் டெர்மினல் கட்டையும், அதிலிருந்து பாயிண்டுக்கு வரும் மெல்லிய துணி உறை போட்ட வயரும். உறை நைந்து செம்பு தட்டில் உரசுகிறதா பாருங்கள்.

மூன்றாவது, நான் பந்தயம் கட்டும் இடம், அந்த நைலான் புஷ். பாயிண்டின் ஸ்பிரிங் மாட்டும் தூண் தட்டோடு சேர்ந்தது, அதாவது எர்த். ஸ்பிரிங்கும் இரண்டு வயரின் கண்களும் (முனை வளையங்களும்) ஒன்றையொன்று தொட வேண்டும், ஆனால் தூணையும் நட்டையும் தொடக்கூடாது. கீழிருந்து மேலாக வரிசை இது: தூணில் முதலில் ஃபைபர் வாஷர். அதன்மேல் ஸ்பிரிங்கின் கண். நைலான் புஷ் சின்னத் தொப்பி மாதிரி இருக்கும். அதன் கழுத்தில் கண்டென்சர் வயரின் கண்ணையும் எல்டி வயரின் கண்ணையும் கோர்த்து, கழுத்து கீழே பார்க்கும்படி தூணில் இறக்குங்கள். கழுத்து ஸ்பிரிங்கின் கண்ணுக்குள்ளும் நுழைந்து உட்காரும். தொப்பியின் விளிம்பு எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும். அதன்மேல் நட். நட் அமுக்குவது நைலான் விளிம்பை மட்டும்தான்.

பெரும்பாலும் நடக்கும் தவறு, புஷ்ஷை முதலில் ஸ்பிரிங்கில் வைத்துவிட்டு வயரின் கண்களை அதற்கு மேலே போட்டு நட்டை முடுக்குவது. பார்க்கக் கச்சிதமாக இருக்கும். ஆனால் கண்கள் நட்டைத் தொடும், நட் தூணைத் தொடும், தூண் எர்த். ஸ்பிரிங்குக்கு வயரே இல்லை.

நகரும் துண்டு சுழலும் சின்ன அச்சின் அடியிலும் ஒரு ஃபைபர் வாஷர் உண்டு. அது இல்லாவிட்டால் துண்டு தட்டில் உரசி அங்கேயும் எர்த் ஆகும். வயரின் கண்களைத் திருப்பி வைக்கும்போது அவற்றின் வால் மூடியின் சுவரையோ கேமையோ (பாயிண்டைத் திறக்கும் நாலு மூலை ஷாஃப்ட்) தொடாதபடி ஒரே திசையில் படுக்க வையுங்கள்.

கோர்த்து முடித்ததும் சாவி ஆஃபில் ஒரு அளவு எடுங்கள். வெள்ளை-கறுப்பு வயரைக் காயிலிலிருந்து கழற்றி, அதன் முனைக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் பாடிக்கும் நடுவில் மீட்டரை ஓமில் வையுங்கள். அட்டை இருக்கும்போது திறந்த சர்க்யூட் காட்ட வேண்டும். அட்டையை எடுத்து பாயிண்ட் மூடியதும் கிட்டத்தட்ட பூஜ்யம். இந்த இரண்டும் வந்துவிட்டால் மூடியை மாட்டலாம்.

பாயிண்டைக் கழற்றி மாட்டினால் இடைவெளி மாறும், திரும்ப வைக்க வேண்டும். பாயிண்டின் குதிகால் (கேமில் உரசும் கட்டை) கேமின் மூலை உச்சியில் நிற்கும்போது மட்டும் அளவெடுங்கள். 0.014இலிருந்து 0.016 அங்குலம், மில்லிமீட்டரில் 0.36இலிருந்து 0.40. அதற்கு முன் இரண்டு முகத்தையும் ஆல்கஹால் நனைத்த சுத்தமான துணித் துண்டால் துடையுங்கள். இடைவெளி அளக்கும் தகடான ஃபில்லர் கேஜிலும் எண்ணெய் இருக்கும், அதையும் துடைத்துவிட்டுச் செருகுங்கள். அந்த எண்ணெய் பாயிண்டில் ஒட்டிக்கொண்டால் மறுபடி முதலிலிருந்து.

பாசிட்டிவ்எர்த்

காயில் விஷயம் தொங்கலில் நிற்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன்.

பாசிட்டிவ் எர்த் வண்டியில் பேட்டரியின் + பாடியில். சாவி வழியாகக் காயிலுக்கு வருவது −. அதனால் + − என்று குறித்த காயிலில் வெள்ளை வயர் − முனைக்கும், டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வெள்ளை-கறுப்பு வயர் + முனைக்கும் போக வேண்டும். உங்கள் வண்டியில் தலைகீழாக இருக்கிறது. பழைய எஸ்டபிள்யூ, சிபி குறியீட்டில் இந்தக் குழப்பம் வராது: எஸ்டபிள்யூ சாவி, சிபி பாயிண்ட். ஆனால் அந்தக் காயில்களும் ஏதாவது ஒரு எர்த் முறையை மனதில் வைத்துச் சுற்றப்பட்டவைதான்.

தலைகீழாக மாட்டினாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும், ஓடும். அதனால்தான் பலர் வருஷக்கணக்கில் கவனிப்பதில்லை. பிளக்கின் நடு முனைதான் உள்ளே அதிகம் சூடாவது; சூடான உலோகத்திலிருந்து எலக்ட்ரான் சுலபமாகக் கிளம்பும். எனவே நடு முனை எதிர்மின்னாக இருந்தால் குறைந்த வோல்ட்டிலேயே ஸ்பார்க் தாவும். மாறினால் காயில் கூடுதல் வோல்ட் தள்ள வேண்டும். பேட்டரி இறங்கியிருக்கும்போதும், மேட்டில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதும் மிஸ் அடிப்பது அங்கேதான். நீங்கள் முதலில் சொன்ன மேட்டு மிஸ்ஸுக்குப் பழைய காயிலின் முனையையும் ஒரு தடவை பார்த்திருக்கலாம்.

மீட்டரில் காயிலின் இரண்டு சின்ன முனைக்கும் நடுவில் ஓம் பாருங்கள், வயர் இரண்டையும் கழற்றிவிட்டு. உங்கள் வண்டியில் பாலஸ்ட் ரெசிஸ்டர் (காயிலுக்கு வரும் கரண்டைக் குறைக்கும் ரெசிஸ்டர்) கிடையாது, எனவே 3 ஓமுக்குச் சற்று மேலே காட்ட வேண்டும். 1.5 ஓம் அளவில் காட்டினால் அது பாலஸ்ட் வண்டிக்கான காயில். அதை நேராக 12 வோல்ட்டில் போட்டால் 8 ஆம்பியர் ஓடி பாயிண்டைத் தீய்க்கும், காயிலும் கொதிக்கும். பெட்டியின் மேல் 12 வோல்ட் என்று எழுதியிருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம், இரண்டு ரகத்திலும் அப்படித்தான் எழுதியிருக்கும். மீட்டரின் சொந்த வயர் ரெசிஸ்டன்ஸை, இரண்டு முனையையும் ஒன்றாகத் தொட்டுப் பார்த்துக் கழித்துக்கொள்ளுங்கள். இந்த அளவில் அதுவே 0.3 ஓம் ஏமாற்றும்.

இன்னொன்று, இந்த வண்டியில் வோல்ட் பார்க்கும்போது சிவப்பு முனை பாடியில், கறுப்பு முனை காயிலில்.

மைனர்1098

புஷ்ஷேதான். இரண்டு வயரின் கண்களும் தொப்பி விளிம்புக்கு மேலே, நட்டுக்கு அடியில் இருந்தன. சொன்ன வரிசையில் கோர்த்தேன். மீட்டரில் அட்டையோடு திறந்த சர்க்யூட், அட்டை இல்லாமல் 0.2 ஓம். பல்பு செல்ஃப் அடிக்கும்போது விட்டுவிட்டு எரிகிறது. காயில் 3.3 ஓம், முனைகளையும் மாற்றிவிட்டேன். நடு வயரைப் பிளாக்கிலிருந்து 6 மி.மீ தள்ளிப் பிடித்தால் நீல நிறத்தில், சத்தத்தோடு ஸ்பார்க் தாவுகிறது. புது ரோட்டரையும் சோதித்தேன், ஸ்பார்க் பாயவில்லை. பிளக்குகளைக் கழற்றி உலர வைத்து, சோக் இல்லாமல் கொஞ்ச நேரம் செல்ஃப் சுற்றிவிட்டுத் திரும்ப மாட்டினேன்.

இப்போது எஞ்சின் பிடிக்கிறது, ஆனால் ஓடவில்லை. இரண்டு சிலிண்டரில் ஓடுவது மாதிரி உதறுகிறது, கார்புரேட்டர் வழியாக டப் டப் என்று தும்முகிறது, நாலைந்து வினாடியில் அணைந்துவிடுகிறது. டைமிங் போய்விட்டதா?

ஃபில்லர்கேஜ்

கிளாம்பைத் தொடலைன்னு சொன்னீங்க. பாயிண்ட் மாத்தினதுல டைமிங் ஒண்ணு ரெண்டு டிகிரி நகரும், இந்த அளவுக்குப் போகாது. 1-3-4-2 சரி, ஆனா எந்தப் பக்கமா சுத்தி மாட்டினீங்க?

மூடியைக் கழட்டி, செல்ஃபைத் தொட்டுத் தொட்டு அடிச்சு ரோட்டர் எந்தப் பக்கம் சுத்துதுன்னு பாருங்க. மைனர்ல அது மேலிருந்து பார்க்க கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கமா சுத்தும். வயரும் அதே திசையில 1, 3, 4, 2ன்னு வரணும். கடிகாரச் சுத்துல மாட்டியிருந்தா 1-ம் 4-ம் எதிரெதிரா இருக்கிறதால அது ரெண்டும் தானாவே சரியா அமைஞ்சுடும். 2-ம் 3-ம் மட்டும் இடம் மாறிடும். நீங்க சொல்ற ரெண்டு சிலிண்டர் ஓட்டம் அச்சு அசலா அதுதான்.

தும்மலும் அதனாலதான். 2-ம் 3-ம் பிஸ்டன் ஒண்ணா ஏறி ஒண்ணா இறங்குற ஜோடி. 3 கம்ப்ரெஷன்ல மேலே வர்றப்போ 2 எக்ஸாஸ்ட் முடிச்சு இன்லெட் வால்வு திறக்க ஆரம்பிக்கிற இடத்துல இருக்கும். வயர் மாறினதால 3-க்கு வரவேண்டிய ஸ்பார்க் 2-ல அடிக்குது. திறந்த இன்லெட் வால்வு வழியா நெருப்பு மேனிஃபோல்டுக்குள்ள போயிடுது. இந்த எஞ்சின்ல 1-ம் 2-ம் ஒரே இன்லெட் வழியைப் பகிர்ந்துக்குது, 3-ம் 4-ம் இன்னொண்ணை. அதனால ஒரு சிலிண்டர் தும்மினா பக்கத்துச் சிலிண்டருக்குப் போற கலவையையும் கெடுத்துடும், நல்லா இருக்கிற ரெண்டும் சேர்ந்து திணறும்.

ரேடியேட்டர் பக்கம் இருக்கிறது 1. வயரை 2, 3 இடம் மாத்திட்டு அடிச்சுப் பாருங்க.

இடம் மாத்தியும் சரியாகலைன்னா முதல் வயர் எந்தத் துளையில இருக்கணும்னு அடிப்படையில இருந்து பார்க்கணும். வால்வு மூடியைக் கழட்டி எஞ்சினை மெதுவா சுத்துங்க. 4-ம் சிலிண்டரோட ரெண்டு வால்வும் ஒண்ணு மூடி ஒண்ணு திறக்குற இடத்துல ஊசலாடும். அப்போ 1-ம் சிலிண்டர் கம்ப்ரெஷன் உச்சியில இருக்கு. ரோட்டர் எந்தத் துளையைக் காட்டுதோ அதுதான் 1. பிளக் துளையில கட்டைவிரலை வச்சுப் பார்க்குறதைவிட இது ஏமாத்தாது. டிஸ்ட்ரிபியூட்டர் அடியில இருக்கிற டாக் (டிரைவோட கோர்க்கிற பல்) நடுவுல இருந்து விலகி வெட்டியிருக்கிறதால, டிஸ்ட்ரிபியூட்டரைக் கழட்டி மாட்டினாலும் 180 டிகிரி மாறி உட்காராது. மாறணும்னா அடியில இருக்கிற டிரைவ் ஷாஃப்டையே யாரோ வெளியே இழுத்து மாத்தி இறக்கியிருக்கணும்.

மைனர்1098

கடிகாரச் சுற்றில்தான் மாட்டியிருந்தேன். 2, 3 மாற்றினதும் பாதிச் சுற்றில் பிடித்துவிட்டது. ஐடிலிங் சீராக நிற்கிறது. இரண்டு பேருக்கும், காயில் சொன்னவருக்கும் மிக்க நன்றி.

டைமிங் லைட் கையில் இல்லை. இப்படியே ஓட்டலாமா?

டெஸ்ட்லேம்ப்

அதே பல்பால் ஸ்டாட்டிக் டைமிங் (எஞ்சின் ஓடாத நிலையில் வைக்கும் டைமிங்) வைக்கலாம், பத்து நிமிட வேலை. வைத்துவிட்டு ஓட்டுங்கள். பாயிண்ட் இடைவெளி கூடினால் டைமிங் முன்னால் போகும், குறைந்தால் பின்னால் வரும். எனவே இடைவெளியை முதலில் முடித்துவிட்டுத்தான் டைமிங்கைத் தொட வேண்டும், வரிசை மாறினால் இரண்டு வேலையும் வீண்.

25டி4இன் வாக்குவம் பக்கத்தில் சொரசொரப்பான சின்னத் திருகு நட் ஒன்று, அதன் பக்கத்தில் ஏ (முன்னால்), ஆர் (பின்னால்) என்ற குறியோடு இருக்கும். அதை நடு அளவில் நிறுத்துங்கள், பிறகு இரண்டு பக்கமும் நுணுக்கமாகத் திருத்த இடம் இருக்கும்.

பிளக்குகளைக் கழற்றிவிட்டு நாலாவது கியரில் போட்டு வண்டியை முன்னால் தள்ளுங்கள், அல்லது கைப்பிடி இருந்தால் அதால் சுற்றுங்கள். எஞ்சினின் முன்பக்க பெல்ட் புல்லியில் ஒரு வெட்டு, டைமிங் மூடியில் முள் முள்ளாகக் குறிகள். நீளமான முள் டிடிசி (பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம்). உங்கள் எஞ்சின் எண்ணின் ஆரம்ப எழுத்துகளை வைத்து மேனுவலில் ஸ்டாட்டிக் அளவைப் பாருங்கள். கம்ப்ரெஷன் ரகத்துக்குத் தகுந்து அது மாறும். 1-ம் சிலிண்டர் கம்ப்ரெஷனில் வரும்போது வெட்டை அந்த டிகிரியில் நிறுத்துங்கள். தாண்டிவிட்டால் பின்னால் இழுத்து அங்கேயே நிறுத்தாதீர்கள். நன்றாகப் பின்னால் போய் மறுபடி முன்னோக்கி வந்து நிறுத்துங்கள், இல்லாவிட்டால் டைமிங் செயினின் தளர்ச்சியும் கணக்கில் புகுந்துவிடும்.

பல்பு டிஸ்ட்ரிபியூட்டர் வயர் இருக்கும் காயில் முனைக்கும் பாடிக்கும் நடுவில். சாவி ஆன். கிளாம்பைக் கை அசையும் அளவுக்கு மட்டும் தளர்த்தி, டிஸ்ட்ரிபியூட்டர் பாடியைக் கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்புங்கள், பல்பு அணையும். ரோட்டரை விரலால் கடிகாரப் பக்கமாக லேசாக அழுத்தித் தளர்ச்சியை எடுத்துவிட்டு, பாடியை மெதுவாகக் கடிகாரப் பக்கம் திருப்புங்கள். பல்பு எரிகிற அந்த நொடியில் நிறுத்தி கிளாம்பை முடுக்குங்கள். முடுக்கும்போது பாடி நகர்ந்துவிடும், அதனால் ஒரு சுற்று சுற்றி வந்து திரும்பச் சரிபாருங்கள். கிளாம்ப் போல்ட்டை மிதமாக முடுக்கினால் போதும். பலம் போட்டால் கிளாம்ப் தகடு வளைந்து, பிறகு எப்போதும் சரியாகப் பிடிக்காது.

மைனர்1098

வைத்துவிட்டேன், சுமார் 3 டிகிரி பின்னால் இருந்தது. டுவெல் மீட்டர் (பாயிண்ட் எத்தனை டிகிரி மூடியிருக்கிறது என்று காட்டுவது) இரவல் கிடைத்தது, 61 டிகிரி காட்டுகிறது.

இந்த வாஷர், புஷ் தொல்லையே வேண்டாம் என்று பாயிண்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் மாட்யூல் போடலாமா?

பாசிட்டிவ்எர்த்

61 நல்ல அளவு. 25டி4க்கு 60, மூன்று கூடக் குறைய இருக்கலாம்.

மாட்யூல் போடலாம், ஆனால் பாசிட்டிவ் எர்த்துக்கு என்றே செய்ததைத்தான் வாங்க வேண்டும். நெகட்டிவ் எர்த் மாட்யூலை இந்த வண்டியில் மாட்டி சாவி போட்டால் உள்ளிருக்கும் டிரான்சிஸ்டர் அப்போதே போய்விடும். மாட்யூலோடு செம்பு வயர் சேராது, ரெசிஸ்டன்ஸ் உள்ள வயர் வேண்டும். அப்போது மூடியும் அதற்கு ஏற்ற ரகமாக வேண்டும். குறைந்தபட்ச காயில் ஓம் என்ன என்று மாட்யூல் தாளில் இருக்கும், உங்கள் 3.3 பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தும். என் கருத்து, இப்போது சரியாக ஓடும் பாயிண்டை மாற்ற அவசரம் இல்லை. பாயிண்ட் கெடும்போது மெல்ல மெல்லக் கெடும், வழியில் நின்றாலும் துடைத்து வீடு வரலாம். மாட்யூல் நின்றால் நின்றதுதான். போட்டாலும் பழைய பாயிண்ட் தட்டை முழுதாகக் கோர்த்தபடி வண்டியில் வையுங்கள்.

ஃபில்லர்கேஜ்

ரெண்டு விஷயம். கேமுல அதுக்கான கிரீஸ் துளி, தீக்குச்சி முனை அளவு, தடவினீங்களா? தடவலைன்னா குதிகால் காய்ஞ்ச கேம்ல உரசித் தேஞ்சு இடைவெளி சீக்கிரமே மூடிடும், டைமிங்கும் பின்னாடி வந்துடும். கிரீஸ் அதிகமானா தெறிச்சு பாயிண்டுல ஒட்டும். ரோட்டரைக் கழட்டினா தெரியுற ஸ்க்ரூ தலையில மெல்லிசு எண்ணெய் ரெண்டு சொட்டு விடுங்க, ஸ்க்ரூவைக் கழட்ட வேண்டாம், பக்கத்து இடுக்குல தானா இறங்கும். புது குதிகால் பதியுற வரைக்கும் வேகமா தேயும், அதனால 500 கி.மீ ஓடினதும் இடைவெளியை மறுபடி பாருங்க.

அப்பவே பாயிண்டோட முகத்தையும் பாருங்க. ஒரு முகத்துல மேடு, எதிர் முகத்துல குழின்னு வந்திருந்தா புது கண்டென்சர் அளவு சரியில்லை. கெப்பாசிட்டி பார்க்குற மீட்டர்ல 0.18-ல இருந்து 0.25 மைக்ரோ ஃபேரட்டுக்குள்ள வரணும். எஞ்சின் சூடானதும் மிஸ் அடிச்சு, ஆறினதும் சரியாகுதுன்னாலும் கண்டென்சரைத்தான் முதல்ல மாத்திப் பார்க்கணும். உங்க பழைய கண்டென்சர் ஓடிக்கிட்டிருந்த எஞ்சின்ல இருந்து வந்தது. அதைத் துடைச்சு, ஸ்க்ரூவோட சேர்த்து டிக்கியில போட்டு வைங்க.